அளக்க ஆள் வராத குளம்

எனக்கு ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டால் சோறு தண்ணி இறங்காது. புடவை நகை என்றால்கூட எப்படியோ அடக்கிக்கொள்வேன். இந்தத் தடவை ஆசை வந்தது ஒரு குளத்தின் மேல். கோயில் குளமோ ஊர்க்குளமோ இல்லை. வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில், எனக்கே எனக்கென்று ஒரு குளம்.

எல்லாம் பொம்மையார்பாளையத்தில் ஆரம்பித்தது. விழுப்புரத்தில் என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, தன் மகளின் பிறந்தநாளை அங்கே கடற்கரையோரத்து விடுதி ஒன்றில் வைத்திருந்தாள். எல்லோரும் கடலைப் பார்க்க ஓடினார்கள். கை கழுவ விடுதியின் பின்பக்கம் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும் அந்தக் குளம். கறுத்த தண்ணீர், அதன் மேல் அல்லி இலைகள், ஒரே ஒரு ஊதாப் பூ. இலைக்கு அடியிலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்தது. இவளெல்லாம் ஒரு ஆளா என்பதுபோல மறுபடி உள்ளே போய்விட்டது. அங்கே கேக் வெட்டியதையே நான் பார்க்கவில்லை. கடலைப் பார்க்கப் போய்க் குட்டையைப் பார்த்துவிட்டு வந்தவள் என்று அலுவலகத்தில் இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, புது மனைகள் போட்ட பக்கம் இருக்கிறது. கொல்லையின் ஒரு மூலை தாழ்வு. மழை பெய்தால் தண்ணீர் தானாக அங்கேதான் போய் நிற்கும். குளம் வெட்டு, குளம் வெட்டு என்று அந்த மூலையே இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது, எனக்குத்தான் காதில் விழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு அடி மண் சொந்தமாக இருந்ததில்லை. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டோம், களை எடுத்தோம், மல்லாட்டைச் செடி பிடுங்கினோம். சொந்தப் பெயரில் பட்டா வாங்கியது நானும் என் வீட்டுக்காரரும்தான். வீட்டுக்கு முன்பக்கமெல்லாம் சிமெண்டு போட்டாகிவிட்டது. பின்பக்கம் மட்டும் மண்ணாகவே கிடந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். அந்த மண்ணில் என் கையால் ஏதாவது செய்ய வேண்டும். அதுதான் ஆசை. குளம் அதற்கு ஒரு வழியாகக் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு என்னைவிட வேகமாக ஓடுகிற ஜாதி.

"குளமா? கொசு வரும். முனிசிபாலிட்டி ஆளு வந்து எட்டிப் பாத்துட்டு ஃபைன் போட்டுட்டுப் போவான். எதுக்கு பேஜாரு?"

"மீன் விட்டா கொசுப்புழுவைத் தின்னுடும்ங்க."

"மீனா?" என்றார். அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் யூடியூபில் மீன் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு மீனா, புள்ளி போட்ட மீனா என்று என்னிடம் கருத்து வேறு கேட்டார். குளம் வெட்டுவதற்கு முன்னால் முதலை குடியேறின கதைதான்.

குளம் வேண்டும் என்பதில் சண்டை தீர்ந்து, யார் வெட்டுவது என்பதில் சண்டை ஆரம்பித்தது. "இதெல்லாம் அதுக்குன்னு இருக்கிற ஆளுங்களை வெச்சித்தான் பண்ணணும். நாம பண்ணா ஓட்டைப் பானைல தண்ணி ஊத்தின மாதிரிதான் ஆவும்" என்றார் அவர். நாமே வெட்டலாம் என்றேன் நான். பேச்சு முற்றியதும், நடுவர் தீர்ப்புக்காக அம்மாவிடம் போனோம். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா போன பிறகு அனந்தபுரம் பக்கத்து ஊரை விட்டு இங்கே வந்தவள். வாழ்நாள் முழுக்க அவளுக்கு மண்வேலை. முதலில் காண்ட்ராக்டர்களிடம், பிறகு நூறு நாள் வேலையில். அந்தப் பக்கத்தில் அம்மா மண் எடுக்காத ஏரி, வாய்க்கால், குட்டை எதுவும் கிடையாது. குளம் வெட்டுவதென்றால் அவளுக்குக் கீரை ஆய்கிற மாதிரி.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆளு வெய்யி."

நான் வாயைப் பிளந்தேன். "ஏம்மா, நாமளே வெட்டலாம்மா. உனக்குத் தெரியாத வேலையா?"

"குழி வெட்டறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்? நீ இன்னா பண்ணணும் தெரியுமா? ஒரு சேரைப் போட்டுக் குந்திக்கினு, இங்க வெட்டு, அங்க வெட்டுன்னு சொல்லணும். அத்த நான் பாக்கணும்."

"பாத்தியா, அத்தையே சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

அம்மா இதைச் சும்மா சொல்லவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் லீவு விட்டால், அவள் வேலை செய்கிற ஏரிக்குக் கேப்பைக் கூழ் எடுத்துக்கொண்டு போவேன். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஏரிக்குள் இறங்கி அவரவர் அம்மாவிடம் ஓடும். நான் கரையில் கால் வைத்ததுமே கீழிருந்து சத்தம் வரும். "அங்கியே நில்லு! எறங்கின, கால ஒடிச்சிடுவேன்!" அவளே மேலே ஏறி வந்து கூழைக் குடித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் வீட்டில் விளையாட்டுக்கு மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன் என்று முதுகில் ஒன்று வைத்தாள். தன் மகள் கை அந்தப் பிடியைத் தொடக்கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சபதம். அதில் அவள் ஜெயித்தும்விட்டாள். எனக்கோ ஜெயித்த மண்ணில் இறங்கி ஆட வேண்டும் போல இருந்தது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் குளம் கட்டுகிற ஆள் வந்தார். பாண்டிச்சேரி பக்கம் நிறைய விடுதிகளுக்குச் செய்திருக்கிறாராம். செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். புத்தர் தலையிலிருந்து தண்ணீர் கொட்டியது. பானையிலிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீருக்கு அடியில் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்காரருக்குக் கண் விரிந்தது.

"மேடம், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சாவியக் குடுத்துட்டு ஆபீஸ் போங்க. திரும்பி வந்தா குளம் இருக்கும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. நான் இல்லாதபோது முளைக்கிற குளம் எனக்கு எதற்கு? ஆனால் அம்மா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு பூரிப்பு அதில். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் சேரைத் தூக்கி வந்து, கொல்லை நடுவில் போட்டு, முந்தானையால் துடைத்து, "குந்து" என்றாள். உட்கார்ந்தேன். முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்த ஆள் டேப்பை எடுத்தார். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். சுற்றிப் பார்த்தார். துணி துவைப்பதை நடுவில் விட்டு வந்திருந்த அம்மா, மண்வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி புடவைமேல் என் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். "ஏம்மா, இத்த அந்த மூலையில புடி" என்று முனையை அவளிடம் நீட்டினார். அம்மா ஓடிப்போய்க் குந்தி, தரையோடு தரையாக அழுத்திப் பிடித்தாள். அளந்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், மண்ணு அள்ள இவங்களையே வெச்சிக்கலாமா, இல்ல நான் ஆளு இட்டாரட்டுமா?"

சேர் பின்னால் விழுகிற மாதிரி எழுந்தேன். "அவங்க எங்க அம்மா" என்றேன். என் குரல் பக்கத்து மனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பாவம், அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம், சாரிம்மா, தெரியல" என்று பத்துத் தடவை சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எனக்கு ஏறினது ஏறினதுதான். வேலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். புத்தர் தலை போன வருத்தத்தில் வீட்டுக்காரர் கடைக்குப் போனார்.

அம்மாவுக்குக் கோபமே இல்லை. "அவன் இன்னா தப்பா சொல்லிட்டான்? மண்ணு எடுக்கிறவளப் பாத்தா மண்ணு எடுக்கிறவன்னுதான் சொல்லுவான். நல்லாக் குந்திக்கினு இருந்த. அத்தக் கெடுத்துக்கினியே" என்று சேரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அவளுக்கு வலிக்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா மாதா கோயில் பூசைக்குப் போகிற வரைக்கும் நல்ல பிள்ளையாகக் காய் நறுக்கினேன். அவள் தெருமுனை திரும்பியதும் கத்தியைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் வாங்கினேன். சுண்ணாம்பைத் தூவி வட்டம் போட்டேன். வட்டம் வடை மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பரவாயில்லை, கழிவறைத் தொட்டியா கட்டுகிறோம், குளம்தானே! வட்டத்தின் ஓரத்தில் முதல் வெட்டு வெட்டினேன். மண்வெட்டி மண்ணில் இறங்காமல் எகிறி என் கால் கட்டை விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது வெட்டில் கொஞ்சம் மண் வந்தது. செம்மண். என் மண். கையில் எடுத்து மோந்து பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் வேப்பிலை அடிக்கக் கூப்பிட்டிருப்பார்கள்.

கணுக்கால் ஆழம் போவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. ஆனாலும் அப்படி ஒரு குதூகலம். வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்று, "அத்தை வந்தா நான் இங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்தாள். நல்ல புடவை, கையில் ஜெபமாலை. கொல்லை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏறு மேல."

"ஏற மாட்டேன்."

அம்மா உள்ளே போனாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது பழைய புடவையும் அப்பாவின் சட்டையும் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். நேராக வந்து மண்வெட்டிப் பிடியைப் பிடித்தாள். நான் விடவில்லை. அவள் இழுக்க நான் இழுக்க, வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இந்த வயதிலும் அம்மாவின் பிடி இரும்பு. நான்தான் விட்டேன்.

"மண்ணுதான் எடுக்கணும்னா நான் எடுக்கிறேன். நீ கரையில நில்லு" என்றாள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. அவள் வெட்டி இரும்புப் பாண்டுச் சட்டியில் அள்ளித் தருவாள். நான் கரையில் நின்று வாங்கி, முருங்கை மரத்துப் பக்கம் கொட்டலாம். குழிக்குள் கால் வைக்கக் கூடாது. மறுபடி அதே கரை. அன்றைக்குக் கூழ்த் தூக்கு, இன்றைக்குப் பாண்டு. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அம்மா வெட்ட வெட்ட என் கோணல் வட்டம் ஒழுங்குக்கு வந்தது. செம்மண் போய்ச் சரளை வந்தது, சரளைக்குக் கீழே ஈரமான மஞ்சள் மண் வந்தது. அந்த ஈரத்தைப் பார்த்து நான் போட்ட கூச்சலில், பாம்பு என்று நினைத்து வீட்டுக்காரர் கழியோடு ஓடி வந்தார்.

அந்த வாரம் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் விழுப்புரத்தில் ரயில் ஏறினால், வண்டி எனக்காக வேகமாக ஓடவில்லை என்று எரிச்சல். திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்கு ஓடுவேன். போனால், நான் வருவதற்குள் அம்மா அன்றைய பங்கை வெட்டி முடித்துக் கை கால் கழுவிக்கொண்டிருப்பாள்.

"நான் வர்றதுக்குள்ள ஏம்மா வெட்டின?"

"மழை வந்துட்டா உன் ஆபீஸ் வந்து நிறுத்துமா?"

அண்ணாந்து பார்த்தேன். வானம் நிஜமாகவே கறுத்துக்கொண்டுதான் வந்தது. வீட்டுக்காரர் பண்ணைக் குட்டைக்கு விரிக்கிற தடித்த கறுப்பு ஷீட்டை வாங்கி வந்துவிட்டார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் அல்லிக் கிழங்கு துளிர் விட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் தயார். ஆனால் என் குளத்தில் நான் வெட்டியது ஓரத்தில் கணுக்கால் ஆழம் மட்டும்தான். மீதியெல்லாம் அம்மா. கூலிக்கு ஆள் வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த நினைப்பு ரயிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் குழி முடிந்திருந்தது. சரிவான சுவர், தட்டையான தரை, மெழுகின மாதிரி. ஆனால் நட்ட நடுவில், கடைசியில் வெட்டுவாள் என்று நான் நினைத்திருந்த ஒரு மண் திட்டு. வெட்டாமல் விட்ட தூண் மாதிரி அது நின்றது. அதன் உச்சியில் பழைய தரையின் புல் அப்படியே இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். "அம்மா! எனக்குன்னு மிச்சம் வெச்சியா? என் பங்கா அது?"

"எது?" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அந்தத் திட்டு."

"அதுவா? அது அளவுக்கு" என்றாள், இது தெரியாதா என்பதுபோல. "ஓவர்சியர் வந்து அது மேலேர்ந்து டேப்பு உட்டுத்தானே எத்தினி ஆழம்னு பாப்பாரு. அத்த வெட்டிட்டா, மேல் தரை எங்க இருந்துச்சின்னு எப்படித் தெரியும்? வேலையே செல்லாதுன்னுடுவாங்க."

"அம்மா," என்றேன், "இங்க யாரும்மா வந்து அளக்கப் போறாங்க?"

அம்மா திட்டைப் பார்த்தாள். நிஜமாகவே ஒரு தடவை தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரோ டேப்போடு வருகிற மாதிரி. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்துச் சிரித்துத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். கடையிலிருந்து அப்போதுதான் வந்த வீட்டுக்காரர் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா சொன்னாள்: "எத்தினி ஏரி, எத்தினி குட்டை. ஒண்ணுத்துலகூட இத்த என் கையால வெட்டினது கெடையாது. தொடவே பயம். குனிஞ்ச தலை நிமிராம, கையி தன்னால இத்த உட்டுட்டுச் சுத்தி வெட்டிக்கினு போயிருக்குது பாரேன்."

நான் திட்டின் மேலிருந்த புல்லைப் பார்த்தேன்.

அவள் எழுந்து சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். குழியில் இறங்கித் திட்டை வெட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வெட்டட்டும், வாழ்க்கையில் ஒரு தடவை, அதைவிட என் ஆசையா பெரிது? அவள் என் எதிரே வந்து நின்று பிடியை என் பக்கம் திருப்பினாள்.

"எறங்கு."

"நீதானே எறங்கக் கூடாதுன்ன?"

"அளக்க ஒருத்தன் வர்ற குழியில எறங்கக் கூடாதுன்னேன். இங்க எவன் வரப் போறான்? எறங்குடி, ஜல்தி, இருட்டறதுக்குள்ள."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பாதத்துக்கு அடியில் மஞ்சள் மண் சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஓங்கி ஒரு வெட்டு போட்டேன். திட்டு அசையவே இல்லை.

பின்னால் தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா பிளாஸ்டிக் சேரைக் கரையோரத்துக்கு இழுத்து வந்து போட்டிருந்தாள். ஒரு கணம் அதைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து, கைப்பிடியில் கை வைத்து. மண் வெட்டுகிற இடத்தில் அம்மா உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னாடி தடவிக் குடுத்துக்கினு இருக்கிற? அடியில போடு. ஆங், அப்படி. மாப்ளே, நீங்க இன்னாத்துக்கு வேடிக்கை பாக்கறீங்க? நீங்களும் எறங்கி மண்ண வாருங்க!"

வீட்டுக்காரர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். திட்டு சாய்ந்தபோது உச்சியிலிருந்த புல் உடையாமல் ஒரே கட்டியாக என் காலடியில் விழுந்தது. "அத்தத் தூக்கிப் போட்றாத, கரையில வெய்யி" என்று மேலிருந்து உத்தரவு வந்தது. வைத்தேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. இப்போது குளத்தில் தண்ணீர் இருக்கிறது, அல்லி இருக்கிறது, வீட்டுக்காரரின் சிவப்பு மீன் இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு தவளையும் குடிவந்துவிட்டது. அந்தச் சேர் மட்டும் வீட்டுக்குள் திரும்பி வரவே இல்லை.